எல்லாருக்கும் போன அழைப்பு

12-6-2007, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பாப்பாவுக்குச் சளி. மாமியாரிடம் விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரம்.

வேலை: வியாபாரத் தொடர்புக்கான அந்த வெப்சைட்டில் போல்ட்டுக்குப் போடும் வாஷர் செய்கிற நம் ஷெட்டைச் சேர்ப்பது. ப்ரொப்ரைட்டர் நான். நடத்துவது இவர், ஷிப்ட் முடிந்ததும். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதான் என் பேர்.

சேர்ந்தாச்சு. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பர்சேஸ்காரர் ஒருத்தருக்கு அழைப்பு அனுப்பினேன், உடனே அக்செப்ட். ஒரே குஷி. அப்புறம் சைட்டே கேட்டது, மெயில் பாஸ்வேர்டு கொடுங்க, தெரிஞ்சவங்களைத் தேடித் தரேன் என்று. கொடுத்தேன். பட்டனை அமுக்கினேன்.

சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம் பண்ணீங்க? உங்க மெயில்ல கீற அத்தினி பேருக்கும் அழைப்பு பூட்ச்சி."

"திரும்ப வாங்க முடியாதா?"

"கல்யாணப் பத்திரிகை வச்சிட்டு யாராவது திருப்பி வாங்கினு வருவாங்களா?"

அழைப்பு போனவர்கள்: சித்தப்பா பையன், காலேஜ் ஹெச்.ஓ.டி., குழந்தை டாக்டர், இவருடைய மேனேஜர்.

மேனேஜர்! பாப்பா பிறந்தப்ப கம்பெனியில் பணம் வாங்க ஆஸ்பத்திரி பில்லை அவருக்கு நான்தான் மெயிலில் அனுப்பினேன்.

இவரிடம் சொல்லவில்லை.

13, புதன்

மூணு தடவை சென்டர். மாமியார்: "கைக்கொழந்தய உட்டுட்டு அங்க இன்னாதான் கீது?"

ஹெச்.ஓ.டி. வாழ்த்து. டாக்டர்: வாழ்த்துகள், ஒன்பதாம் மாத ஊசி பாக்கி. மேனேஜர், ஒன்றும் இல்லை.

14, வியாழன்

புழுக்கம். பாப்பாவுக்கு இருமல் தேவலை.

சாப்பிடும்போது இவர், "மேனேஜர் கேபினுக்குக் கூப்ட்டாரு" என்றார். "கொழந்த எப்டி கீறான்னு கேட்டாரு. நல்ல மனுசன்."

சொல்லிவிட்டேன். எல்லாம்.

தட்டைத் தள்ளினார். "ஆறு வருஷ வேலடி. ஒரு பட்டனத் தட்டிட்டு வந்து நிக்கற."

"தெரிஞ்சவங்ககிட்டகூட சொல்ல முடியாத தொழிலுக்கு ஆர்டர் எங்கேருந்து வரும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

16, சனி

மேனேஜர் அக்செப்ட். கூடவே இங்கிலீஷில் நாலு வரி. திங்கள் காலை சாம்பிளோடு உங்கள் கணவரை வரச் சொல்லவும். தரமும் விலையும் சரியாக இருந்தால் வாங்கிக்கொள்கிறோம். ராஜினாமாவும் கொண்டுவரட்டும். இங்கே சம்பளம் வாங்குகிறவரிடம் சரக்கு வாங்க முடியாது.

பிரிண்ட் எடுத்து வந்தேன். இவர் திரும்பத் திரும்பப் படித்தார். "சாம்பிள் புடிக்கலன்னா?"

பிரிண்டை வாங்கி மடித்து சாமி படத்தடியில் வைத்தேன்.

17, ஞாயிறு

பால் பவுடர் தீரப்போகிறது. ஊசிக்கு செவ்வாய் போகணும்.

சாயங்காலம் ஷெட்டிலிருந்து இருபது வாஷர் எடுத்துவந்து, ஒவ்வொன்றாக அளந்து, எண்ணெய் போட்டுத் துடைத்தார். இரண்டைத் தூக்கிப் போட்டார். என்னைப் பார்க்காமலே, "ராஜினாமாவ நீயே எழுதிக் குடு. படிச்சவதான?"

கோபமா, சம்மதமா, தெரியலை. பேப்பர் எடுத்தாச்சு. 'மதிப்பிற்குரிய ஐயா' வரை வந்திருக்கு.