விழுவதில் இரண்டு வகை

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் உங்களிடம் இருப்பது மூன்றே கேள்விகள். "சாப்பிட்டியா? படிச்சியா? அம்மா இருக்காளா?" மூன்றாவது கேள்வி வரும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். கம்பெனி உங்களை அங்கே மாற்றி ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்னும் ஒன்றரை வருஷம் இப்படியே போனால் நாம் பேச்சையே மறந்துவிடுவோம். அதனால் இனிமேல் கடிதம். பதில் போடாவிட்டால் தெரியும் சேதி.

பெரிய செய்தி: பள்ளிக் கால்பந்து அணியில் நான் கோல்கீப்பர்! இருந்தவள் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். "பயப்படாம கீழ விழத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கோச் கேட்டார். எட்டு வருஷமாக ஜூடோ வகுப்பில் நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? கையைத் தூக்கிவிட்டேன்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி ஜூடோ. செவ்வாய், வியாழன், சனி கால்பந்து. ஞாயிறு மேட்ச், அது இல்லையென்றால் தூக்கம். அம்மாவுக்குத்தான் துணி மூட்டை இரண்டாகிவிட்டது. சேற்று ஜெர்சியோடு வெள்ளை ஜூடோ உடுப்பையும் சேர்த்து மெஷினில் போட்டுவிட்டேன். டீத்தண்ணீர் நிறத்தில் வெளியே வந்தது. அம்மா திட்டிய திட்டை எழுத இந்தத் தாள் போதாது.

முதல் மேட்ச் கதையைக் கேளுங்கள். பந்து இடது பக்கம் வந்தது. பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தேன். எல்லோரும் கத்தினார்கள். ஆனால் கீழே விழும்போது என் இடது கை தானாகவே பந்தை விட்டுவிட்டுத் தரையைப் பட்டென்று அடித்தது. ஜூடோவில் முதுகில் அடி படாமலிருக்க அடிப்போமே, அதே மாதிரி. பந்து நிதானமாக உருண்டு கோலுக்குள் போய்விட்டது. எங்கள் கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன்டி, பந்துகிட்டயே தோத்துட்டேன்னு தரையைத் தட்டுறியா?" என்றாள். இரண்டாம் பாதியிலும் இன்னொரு முறை தட்டினேன். மானம் போய்விட்டது அப்பா.

கழுத்தைக் கட்டிக்கொண்டு,
உங்கள் வாலு


ஜூன் 20

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சிரித்ததில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிவிட்டார். அப்புறம் நானும் ஒரு தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலில் பக்கவாட்டாக விழுந்து பார்த்தேன். என் கை தலையணையை விடவே இல்லை. ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் ரிப்பேர் வேலைக்கு லிப்ட் குழிக்குள் இறங்க முடியவில்லை. சூப்பர்வைசரிடம் படிக்கட்டில் வழுக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையை எப்படிச் சொல்வது?

போன வாரம் ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். மூச்சு முட்டுகிறது என்று கத்துகிறார். கதவைத் திறக்க நாற்பது நிமிஷம் ஆகும் என்று சொன்னால் இன்னும் பயந்துவிடுவார். வெளியிலிருந்து உன் கதையைச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன். எட்டு வயதில் பள்ளிக்கூட வேனில் ஏறவே பயந்து அழுத பெண், இன்று பழுப்பு பெல்ட் என்று. வெளியே வந்ததும் அந்த மனுஷன் முதலில் கேட்டது, "கறுப்பு பெல்ட் எப்ப சார்?" செப்டம்பர் என்று சொல்லியிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

பந்து விளையாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூடோவை மட்டும் கோட்டை விட்டுவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. (போனில் கேட்டால்தானே கோபம் வரும்?)

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா


ஜூலை 26

அன்புள்ள அப்பாவுக்கு,

இடுப்பு சரியாகிவிட்டதா? இனி தலையணையோடு சண்டை வேண்டாம்.

தட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன். தினமும் ஹாலில் மெத்தை விரித்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நூறு தடவை விழுந்தேன். அம்மா சமையலறையிலிருந்தே எண்ணினாள். இப்போது பந்து கையை விட்டுப் போவதில்லை. ஆனால் ஜூடோவில் வினை வந்தது. புதன்கிழமை ஒருத்தி என்னைத் தூக்கிப் போட்டாள். தட்ட வேண்டிய கை தட்டவில்லை, அவள் சட்டைக் கையைப் பந்து மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டேன். பொத்தென்று விழுந்ததில் மூச்சே நின்றுவிட்டது. மாஸ்டர் குனிந்து பார்த்து, "உன் கைக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்றார். அதிலிருந்து ஜூடோ ஹாலுக்குள் நுழையும்போது "ஜூடோ, ஜூடோ" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறேன். மைதானத்தில் "பந்து, பந்து". எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வேலை செய்கிறது.

தூக்கம்தான் போதவில்லை. வேதியியல் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று. கறுப்பு பெல்ட் தேர்வு செப்டம்பர் 13, ஞாயிறு காலை ஒன்பது மணி. எங்கள் அணி அரையிறுதிக்கு வந்தால் அந்த மேட்சும் அதே ஞாயிறு, அதே ஒன்பது மணி. எங்களிடம் வேறு கோல்கீப்பர் இல்லை. அப்பா, தேர்வை அடுத்த வருஷம் கொடுத்தால் என்ன? ஜூடோ எனக்குப் பிடிக்கும். ஆனால் மைதானத்தில் இருக்கும்போதுதான் நேரம் போவதே தெரியவில்லை. நிஜமாகத்தான் கேட்கிறேன். பதில் போடுங்கள்.

ஆசையுடன்,
வாலு


ஆகஸ்ட் 8

அன்புள்ள வாலு,

நூறு தடவை விழுந்தாயா? கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரவில்லையா?

அடுத்த வருஷம் என்று நீ எழுதியதைத் தேர்வு பயத்தில் எழுதியதாகவே எடுத்துக்கொள்கிறேன். எட்டு வருஷம் ஏறிவிட்டு கடைசிப் படியில் யாராவது உட்காருவார்களா? மேட்ச் அடுத்த வருஷமும் வரும். கோல் போஸ்ட் எங்கும் ஓடிவிடாது.

பார்சலில் புது உடுப்பு அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் உயரமாகிவிட்டாய் என்று அம்மா சொன்னாள், ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன். இதையாவது ஜெர்சியோடு மெஷினில் போடாதே. லீவு கேட்டிருக்கிறேன், கிடைப்பது சந்தேகம்தான். கிடைக்காவிட்டாலும் அன்று ஒன்பது மணிக்கு நான் எந்த லிப்டுக்குள் இருந்தாலும் மனசு அங்கேதான் இருக்கும்.

பெருமையோடு,
அப்பா


செப்டம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உடுப்பு வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

தேர்வு தள்ளிப்போய்விட்டது. புதுத் தேதி இன்னும் சொல்லவில்லை. நீங்கள் லீவுக்கு அலைய வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை.

வாலு


செப்டம்பர் 15

என் வாலு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தாகிவிட்டது. நேராகவே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன்.

லீவு கிடைத்துவிட்டது. திடீரென்று வந்து நின்றால் உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். எட்டரைக்கு ஜூடோ ஹாலில் போய் நின்றால், பட்டியலில் நீ இல்லை. மாஸ்டர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். "அவ ஒரு மாசம் முன்னாடியே வந்து சொல்லிட்டாளே சார். அடுத்த வருஷம் கொடுக்கலாம், வாரம் ஒரு நாள் வந்தா போதும்னு நானும் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். "சொன்னா மாஸ்டர், எனக்குத்தான் ஞாபகம் இல்ல" என்று சமாளித்தேன். மாஸ்டர் நம்பினாரோ இல்லையோ, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடிக்கவில்லை.

வெளியே வந்ததும் கோபம் கோபமாக வந்தது. மைதானம் வரை நடந்தே போனேன். உன்னைத் திட்டுவதற்கு வழிநெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

வேலிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றேன். நீ கோல் முன்னால் நின்று, "இடது பக்கம் ஆள் வர்றா, பாரு! நீ ஏன்டி அங்க நிக்கிற, பின்னாடி வா!" என்று அதட்டிக்கொண்டிருந்தாய். பத்துப் பேரும் நீ சொன்ன பக்கம் ஓடினார்கள். இது என் பெண்தானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டு வருஷம் ஜூடோ ஹால் பெஞ்சில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தவன் நான். அங்கே நீ மாஸ்டர் சொன்னபடி செய்யும் பிள்ளை. இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. அடுக்கி வைத்த திட்டெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

பெனால்டியில் இரண்டைப் பிடித்தாய். கடைசியாக வந்தது உள்ளே போய்விட்டது, தோற்றீர்கள். போஸ்ட் ஓரம் உட்கார்ந்து கையுறையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். வந்து தூக்கிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் தோற்ற அன்றைக்கே பொய்யும் பிடிபட்டால் நீ இன்னும் உடைந்துபோவாய் என்று தோன்றியது. திரும்பி பஸ் ஏறிவிட்டேன். அறைக் கதவைத் திறந்தால் கீழே உன் கடிதம் கிடந்தது. தேர்வு தள்ளிப்போய்விட்டது என்று.

உன்னைப் பொய் சொல்ல வைத்தது நான்தான். நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உனக்கு ஏதாவது ஒன்று என்றால் வந்து சேர எனக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். இடுப்பில் அந்தக் கறுப்பு பெல்ட் இருந்தால், நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் உனக்கு எதுவும் ஆகாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் எனக்கு. தேர்வு உனக்கு. இது என்ன நியாயம்? என்னை மன்னித்துவிடு கண்ணு.

அப்பா


செப்டம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

பொய் சொன்னது தப்பு. உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அம்மாவிடமும் அதே பொய்தான். மன்னித்துவிடுங்கள். மாஸ்டரிடம் சொல்ல எனக்குப் பயமே இல்லை. கோச்சிடம் பயமில்லை. உங்களிடம் மட்டும்தான் வாய் வரவில்லை. வக்கீல்வரைக்கும் சொல்லிவிட்டீர்களே, என்ன செய்ய?

என் மன்னிப்பு முடிந்தது. இனி என் முறை.

ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பிப் போனீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அப்பனும் மகளும் ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்க இல்ல. ரெண்டு பேரும் சொல்லாம செய்றதுல கெட்டிக்காரங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவைச் சமாதானம் பண்ணுவது உங்கள் பொறுப்பு. நான் உதவ மாட்டேன்.

உடைந்துபோவேன் என்று நினைத்தீர்களாம். அப்பா, அன்று வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இன்னும் அழுதேன். தோற்றதற்கு இல்லை. இரண்டு பெனால்டி பிடித்ததை உங்களிடம் சொல்ல முடியாதே என்று. தேர்வு இல்லை என்று எழுதியவள் மேட்ச் ஆடியதை எப்படிச் சொல்வாள்? நீங்களோ அதைக் கண்ணால் பார்த்துவிட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தீர்கள். நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இனி திங்கள் மட்டும் ஜூடோ. தேர்வு அடுத்த வருஷம் கொடுத்தாலும் கொடுப்பேன், கொடுக்காமலும் போவேன். தெரிந்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன், சத்தியம். அக்டோபர் 18, ஞாயிறு, மூன்றாம் இடத்துக்கான மேட்ச். முடிந்தால் வாருங்கள். வந்தால் முதலில் வீட்டுக்கு, அப்புறம்தான் மைதானம். தண்ணீர்த் தொட்டி பக்கமெல்லாம் நிற்கக் கூடாது. என் கோலுக்குப் பக்கத்தில், நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நில்லுங்கள்.

கறுப்பு பெல்ட் இருந்தால் எனக்கு எதுவும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். மாஸ்டரிடமே கேட்டுவிட்டேன். கறுப்பு பெல்ட் வாங்கினவர்களும் தோற்றால் அழுவார்களாம். நானும் அழுவேன் அப்பா. அப்போது வேலியைத் தாண்டி வந்துவிடுங்கள்.

உங்கள் வாலு