தபால் பையும் இரண்டு விரல்களும்

1955 பெப்ரவரி 1, செவ்வாய்

காலையில் கடும் பனி. ஆற்றோரத்து மலையில் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கம்பளிக்குள் கையை விட்டபடி நின்றார்கள்.

தபால் எடுக்கத் தோட்டத்திலிருந்து தலவாக்கலை டவுனுக்கு. போகும்போது நான்கு மைல் ஏற்றம், பாதி தூரம் சைக்கிளைத் தள்ளல். வரும்போது அதே நான்கு மைல் இறக்கம், பிரேக்கைப் பிடித்தபடியே. பை நல்ல கனம். துரைக்கு இரண்டு பார்சல், பத்திரிகைக் கட்டு, பங்களாவுக்குப் பாண் ரொட்டி.

மூன்றாம் மைல்கல் வரும்போது வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. இடது கை கொஞ்சம் பரவாயில்லை. ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கடிதம் கொடுக்கும்போது ஒன்று விரலிடுக்கிலிருந்து விழுந்தது. விழுந்தது எனக்குத் தெரியவில்லை, வாங்க வந்த பெண்தான் குனிந்து எடுத்தாள்.

மார்கழியிலிருந்து இப்படி. குளிர்தான் என்று இருந்தேன். குளிருக்கு எல்லா விரலும் அல்லவா மரக்க வேண்டும்.

பெப்ரவரி 2, புதன்

வெயில். காற்று.

செய்து பார்த்தவை:
பழைய கம்பளித் துண்டை ஹேண்டில் பிடியில் சுற்றினேன். பிரேக் எட்டவில்லை.
டியூப் ரப்பர் சுற்றினேன். வழுக்குகிறது.
கல்லுக்குக் கல் இறங்கி நின்று கையை உதறல். ஐந்து நிமிஷம் நல்லது, பிறகு பழைய கதை.
நல்லெண்ணெய் தேய்த்தேன். செல்லம்மா, "என்னாங்க, தீபாவளியா?" என்றாள்.

கேரியர் பூட்டிப் பையைப் பின்னால் கட்டினால் கைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கூடாது. முன்பு இருந்த தபால்காரர், கேரியர் வைத்த வேறு சைக்கிளில் பையைக் கட்டி வழியில் விழ விட்டுவிட்டு வெறும் கேரியரோடு தோட்ட ஆபீசுக்கு வந்தாராம். அன்றிலிருந்து தபால் பை ஹேண்டிலில், கண்ணுக்கு முன்னால்தான் தொங்க வேண்டும் என்பது பெரிய கிளாக்கர் சட்டம். (நீளமாக இருக்கிறது. இனி பெ.கி.)

பெப்ரவரி 4, வெள்ளி

மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது.

மாரிமுத்து கடிதம். கீழ் லயத்து அஞ்சலையின் புருஷன். குஷ்டம் என்று நான்கு வருஷத்துக்கு முன் கடலோரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அஞ்சலையைப் பீலியில் கடைசியாகத்தான் தண்ணீர் பிடிக்க விடுகிறார்கள். அங்கே போய் எழுதப் படித்துக்கொண்டானாம். கார்த்திகைக் கடைசியிலிருந்து கடிதம் போடுகிறான். முதல் மூன்றையும் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

பெ.கி. அந்தக் கடிதத்தை மட்டும் கையால் தொடமாட்டார். ரூல்தடியால் என் பக்கம் தள்ளுவார். இன்றும் தள்ளினார்.

கடிதம் வர ஆரம்பித்தது கார்த்திகைக் கடைசி. என் விரல் மரக்க ஆரம்பித்தது மார்கழி. கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

கொடுக்கவில்லை. ஆபீசுக்கும் லயத்துக்கும் நடுவில் உள்ள மதகுக்கு அடியில், பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டேன். பொங்கலுக்குப் பின் வந்த இரண்டும் அங்கேதான். எரிக்க மனம் வரவில்லை. இது மூன்றாவது. இலையால் பிடித்துத்தான் போட்டேன்.

பெப்ரவரி 6, ஞாயிறு

தபால் இல்லை. முகச்சவரம். செல்லம்மாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். விரல் தொந்தரவு இல்லை.

கோயிலடியில் அஞ்சலை வழிமறித்தாள். "அண்ணே, அவருகிட்டயிருந்து ஒண்ணும் வரலீங்களா?"

"இல்லம்மா."

"மாசத்துக்கு ரெண்டு போடுவாரே."

வந்தால் நானே கொண்டு வருகிறேன் என்றேன். பொய் சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வந்தது எனக்கே ஆச்சரியம்.

பெப்ரவரி 9, புதன்

தூறல். பகல் ரயில் தாமதம், அதனால் தபாலும் தாமதம். ஸ்டேஷன் சிமெண்டு பெஞ்சில் ஒரு ஆள், தலையோடு கம்பளி போர்த்தி, காலில் துணிச்சுற்று. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஏதோ கேட்க வந்ததுபோல இருந்தது. மழைக்கு முன் இறங்க வேண்டும் என்று நிற்கவில்லை.

பாண் நனைந்துவிட்டது. பங்களா சமையல்காரர் முகம் சுளித்தார்.

இரண்டாம் கல்லிலேயே மரப்பு. இப்போது ஒரு கல் முன்னதாகவே வருகிறது.

பெப்ரவரி 10, வியாழன்

தேத்தண்ணி டம்ளரைப் பிடித்திருந்தேன். செல்லம்மா வெடுக்கென்று பிடுங்கினாள். சுண்டுவிரல் ஓரம் சிவந்து கிடக்கிறது. எனக்குச் சுடவில்லை. அதாவது, அந்த இடத்தில் சுடவில்லை.

இந்த வாரம் முழுக்கத் தனித் தட்டில்தான் சாப்பிடுகிறேன். பாப்பாவைத் தூக்குவதில்லை. காலைக் கட்டிக்கொள்கிறாள், நகர்ந்துவிடுகிறேன். செல்லம்மா கேட்டாள்: "எம்மேல ஏதும் கோவங்களா?"

பயமாக இருக்கிறது. இங்கே தவிர வேறெங்கும் இதைச் சொல்ல முடியாது. எங்கள் காம்பராவுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். செல்லம்மாவும் பீலியில் கடைசியாக நிற்பாள்.

பெப்ரவரி 12, சனி

டிஸ்பென்சரி. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். மருந்து ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், புதிதாக வந்தவர். கதவைச் சாத்தச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாத்தினார். விரலைக் காட்டி, குஷ்டமா என்று கேட்டேன்.

சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகு, காது, முழங்கை எல்லாம் பார்த்தார். பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்தது, சுண்டுவிரல் நுனி மட்டும் கொஞ்சம் மந்தம்.

"ராமையா, ஞாயிற்றுக்கிழமையில எப்பிடி இருக்கும்?"

யோசித்ததில்லை என்றேன்.

"உம்மட சைக்கிளை இஞ்சாலை கொண்டு வாரும், பாப்பம்."

கொண்டுபோனேன். பையோடு ஏறி உட்காரச் சொன்னார். சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறதாம், ஹேண்டில் தாழ்வாம். "உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையில எல்லே விழுகுது. அதுக்கு மேல இந்தப் பை வேற. பிரேக்கைப் பிடிச்சபடி நாலு மைல் இறங்கினா நரம்பு நசியாமல் என்ன செய்யும்?"

சீட் முனையைத் தூக்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். முழங்கையை விறைப்பாக வைக்கக் கூடாது, கொஞ்சம் மடக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடிக்காமல் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். பை பின்னால். குஷ்டத்துக்கான அடையாளம் ஒன்றுமில்லை.

கடிதம் தொட்டால் ஒட்டாதா என்று கேட்டேன். யார் கடிதம் என்று சொல்லவில்லை.

"கடுதாசியில வராது ஐசே. ஆர் உமக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ரூல்தடியைப் பார்த்து நானே படித்துக்கொண்டதுதான்.

வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்கினேன். செல்லம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டப்பாவைத் தவிர.

பெப்ரவரி 13, ஞாயிறு

சீட்டைத் தூக்கினேன். அதைச் சரித்து வைத்ததே நான்தான். ஏற்றத்தில் மிதிக்க வசதி என்று நவம்பரில், சைக்கிள் வந்த புதிதில் செய்தது. ஹேண்டிலும் உயர்ந்தாயிற்று. துரு ஏறிய நட்டு, ஒரு மணி நேரம் பிடித்தது.

இந்தப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். போன ஞாயிறு "விரல் தொந்தரவு இல்லை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்கு முந்திய ஞாயிறும் அப்படித்தான். எழுதத் தெரிந்தவனுக்குப் படிக்கத் தெரியவில்லை.

பெப்ரவரி 14, திங்கள்

மருந்து ஐயாவின் துண்டுச்சீட்டை பெ.கி.யிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். யோசித்தார். தீர்ப்பு: கேரியர் பூட்டித் தரப்படும், பை அதில் போகலாம், ஆனால் பையைக் கட்டிய கயிற்றின் மறுமுனை என் இடுப்பில் இருக்க வேண்டும். "பை விழுந்தா நீயும் விழுவ. அப்ப தெரியும்ல?" சரிங்க ஐயா என்றேன். தோட்டத்துப் பட்டறை ஆசாரி மத்தியானமே கேரியரைப் பூட்டிவிட்டார்.

வேலை முடிந்து மதகுக்குப் போனேன். டப்பாவை எடுத்தேன். கையால்தான் எடுத்தேன். ஓரம் கொஞ்சம் ஈரம், எழுத்து கலையவில்லை.

அஞ்சலை மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மூன்று கடிதம், பிந்தித்தான் கொடுக்கிறேன் என்றேன். படியுங்கள் என்றாள். முதல் இரண்டில் விசேஷம் இல்லை. மருந்து மாற்றியது, வார்டில் ஒருவர் செத்தது, அவள் உடம்பைப் பற்றிக் கேட்டது.

மூன்றாவது, எழுத்துப்பிழைகளை விட்டு: "எனக்குக் குணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒன்பதாம் தேதி புதன் பகல் ரயிலில் தலவாக்கலையில் இறங்குவேன். காலில் புண், அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நீ வந்து நில். நீ வராவிட்டால் லயத்தில் வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். கோபப்படமாட்டேன். திரும்பிப் போய்விடுவேன்."

சிமெண்டு பெஞ்ச். காலில் துணிச்சுற்று.

அஞ்சலை கேட்டாள்: "ஒம்பதாந்தேதின்னா எப்பண்ணே?"

"போன புதன்."

"இந்தக் கடுதாசி ஒங்க கைக்கு எப்ப வந்திச்சு?"

"நாலாந்தேதி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கடிதங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்களும்தானாண்ணே" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

பெப்ரவரி 15, செவ்வாய்

ஸ்டேஷன் போர்ட்டரிடம் விசாரித்தேன். சிங்களத்தில் சொன்னார்: ஆமாம், அப்படி ஒருவர் புதனன்று வந்தார். எங்கள் தோட்டத்துப் பெயரைச் சொல்லி யாராவது வந்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரவு பெஞ்சிலேயே. மறுநாள் காலை ரயிலில் திரும்பிப் போனார்.

அஞ்சலை பதில் எழுதும்படி என்னிடம் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் எழுதி வாங்கியிருக்கிறாள். என் கையில் உறையை மட்டும் கொடுத்தாள், ஒட்டி. "இதையாவது போட்டுருங்க." இருபத்துமூன்றாம் தேதி புதன் பகல் ரயிலுக்கு வரச் சொல்லியிருப்பதாக வாத்தியார் சொன்னார்.

இன்றே போட்டேன். பெட்டிக்குள் விழும் சத்தம் கேட்கும் வரை நின்றேன்.

பெப்ரவரி 18, வெள்ளி

புதுச் சீட் நிலை பழகிவிட்டது. தொடைதான் வலிக்கிறது. பை பின்னால், கயிறு இடுப்பில். மாட்டைக் கட்டினாற்போல் இருக்கிறது என்று பங்களாத் தோட்டக்காரர் கேலி. நான்கு மைலுக்கும் விரல் மரக்கவில்லை. சட்டைப் பொத்தானை ஒரே தடவையில் போட்டேன்.

பதில் இல்லை.

பெப்ரவரி 22, செவ்வாய்

மழை. பதில் இல்லை. அவள் கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

செல்லம்மாவிடம் டப்பா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "நாளைக்கு அந்தப் புள்ளை தனியா நிக்கப்படாது. நீங்களும் நில்லுங்க" என்றாள்.

பெப்ரவரி 23, புதன்

வெளிச்சமான நாள். அஞ்சலை ஒருநாள் கூலிப் பேரை விட்டுவிட்டுக் காலையிலேயே நடந்து வந்துவிட்டாள். சிவப்புச் சேலை. நான் தபாலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னைப் பார்த்து ஒதுங்கவும் இல்லை, பேசவும் இல்லை. பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

பகல் ரயில். எல்லோரும் இறங்கி முடித்த பிறகு, கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கம்பளி இறங்கியது.

இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் தள்ளி நின்று பையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கேரியரில் ஒன்றுதான் வைக்கலாம், பை அல்லது ஆள். பையை முன்னால் ஹேண்டிலில் மாட்டினேன். மாரிமுத்து தயங்கினார். "வேணாங்கண்ணே, ஒங்களுக்கு எதுக்கு சங்கடம்." ஏறுங்க என்றேன். முதல் மைல், ஆளோடு ஓட்டிப் பழக்கமில்லாமல் தள்ளிக்கொண்டே நடந்தேன். அஞ்சலை குறுக்குப் பாதையில் இறங்கி இரண்டாம் கல்லில் சேர்ந்துகொண்டாள். பிறகு நானும் ஏறிக்கொண்டேன். கயிறு கட்டும் இடத்தில் அவர் என் சட்டையைப் பிடித்திருந்தார்.

இரட்டைப் பாரம், பிரேக்கை விட முடியவில்லை. மூன்றாம் கல்லுக்கு முன்பே இரண்டு விரலும் போய்விட்டன. நிறுத்திக் கையை உதறினேன்.

"மரத்துப் போச்சாண்ணே?"

"ஆமாங்க. எப்பவும் வர்றதுதான்."

"குடுங்க."

வலது கையை நீட்டினேன். மடங்கிய விரல்களுள்ள இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டார். தன் கைக்கு ஒன்றும் தெரியாதாம், ரொம்ப அழுத்தினால் சொல்லச் சொன்னார். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. சூடாக இருந்தது. அஞ்சலை குறுக்குப் பாதையிலிருந்து இறங்கி வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதுமாண்ணே?" என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன்.