மாதம் ஒருமுறை கேட்கும் பேர்

புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை.

இன்று நர்ஸ் பெண் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க அக்கா, மாமா போய்ச் சேந்தும் கம்ப்யூட்டருல இன்னும் பிரஷர் மாத்திரை வாங்காதவருன்னே காட்டுதுங்க. அவரு பேருக்கு வர்ற மாத்திரை சும்மா கெடக்குது. புதுசா வந்தவங்களுக்குப் பத்தலீங்க. பேரை எடுத்துரட்டுங்களா?"

மாதம் ஒருமுறை என் வீட்டுக்காரருடைய செல்லுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும். "வணக்கம் அர்த்தனாரி, மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். பதிவு செய்த குரல்தான். ஆனால் தாலி கட்டிய நாளிலிருந்து நான் அவர் பேரை வாயால் சொன்னதில்லை. இப்போது இந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்வது அந்தக் குரல் ஒன்றுதான். பேரை எடுத்தால் அதுவும் நின்றுவிடும்.

"அடுத்த மாசம் எடேன் அம்மிணி."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க அக்கா."

அவள் தன் செல்லில் எதையோ தட்ட, அவர் செல்லுக்கே ஒரு நம்பர் வந்தது. அதைச் சொன்னால்தான் பேரை எடுக்க முடியுமாம். பாதி படித்து நிறுத்திவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை இல்லாதவர்களை நினைத்து மீதியையும் படித்தேன்.

அவள் போனபிறகு அடுப்படியில் நின்று, "அர்த்தனாரி" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். வாய் கூசியது. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.