கயிற்றில் வைத்த கை

12-3-1957, செவ்வாய்

மணப்பட்டுக் கடற்கரை பங்களாவில் இன்று இரண்டாம் நாள். நான் வேலை பார்க்கும் ஆபீசின் ஆபீசர் தயவில் கிடைத்த இடம். நான் பிறந்த குப்பம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

காலையில் அண்ணன் ஆட்களோடு கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, நானும் இழுத்தேன். கயிற்றில் கை வைத்தவன் வழிப்போக்கனானாலும் அவனுக்கு ஒரு பங்கு மீன் உண்டு. அது எங்கள் குப்பத்து வழக்கம். அண்ணன் எல்லோருக்கும் பங்கு வைத்தான், எனக்கு மட்டும் வைக்கவில்லை.

"இன்னாண்ணே, என் பங்கு?"

"உனுக்கு இன்னாத்துக்குடா? அங்க ஆக்கிப் போடுவாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மத்தியானம், பங்களாச் சமையல்காரர் அண்ணனிடம் வாங்கிய மீன்தான் தட்டில் வந்தது. எனக்கு முள் எடுத்துத் தின்னத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, சமையல்காரர் ஒரு முள் விடாமல் எடுத்துவிட்டிருந்தார்.