பேட்டி கொடுத்தவர்

என்னங்க,

மீன்குழம்பு மூடி வைத்திருக்கிறேன். பட்டறையிலிருந்து வந்ததும் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

டவுன்ஷிப் கருத்தரங்கில் என் ஆய்வுக்கு நல்ல பாராட்டு. மந்தாரக்குப்பம் பட்டறைகளில் தொழிலாளிகள் தங்களுக்குத் தெரிந்த நுணுக்கங்களை முதலாளிகளிடம் ஏன் சொல்வதில்லை என்பதுதானே தலைப்பு. மதிப்பில்லாத இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

அப்போதுதான் நெறியாளர், கடைசி வரிசையில் கிரீஸ் படிந்த சட்டையோடு இருந்த உங்களைக் காட்டி, “இவர் யாரும்மா?” என்றார்.

“பேட்டி கொடுத்தவர் சார்” என்றேன்.

“ஆமாங்க சார்” என்று நீங்களும் எழுந்து நின்றீர்கள். நிற்காமலாவது இருந்திருக்கலாம்.

வண்டியில் வரும்போது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் என்னை இறக்கிவிட்டு, அப்படியே பட்டறைக்குத் திரும்பிவிட்டீர்கள்.

அங்கே வாயில் வராததை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் மனைவி