கம்பெனி கார்டுக்கு உன் கையெழுத்து வேண்டாம்

அன்புள்ள ஆர்கிரோவுக்கு,

2025 டிசம்பர் 11, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். உன் ஞானத்தகப்பன் லெஃப்தேரிஸ் அனுப்பிய கூரியர் உறை நாளைக் காலை பத்து மணிவாக்கில் ஆல்போர்க்கில் உன் அறைக் கதவுக்கு வரும். உள்ளே இருபத்து மூன்று பக்கம், நான்கு இடத்தில் பென்சில் குறி. நீ போட வேண்டிய கையெழுத்து ஒன்றுகூட இல்லை. முக்கியமானதைப் படித்துவிட்டாய், இனி மற்றதை நிதானமாகப் படி.

இங்கே நானும் அம்மாவும் நலம். ஸ்தாதிஸ் மாமாவும் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. லிஃப்ட் கம்பெனி நடத்துகிறவன் தினமும் ஆறு மாடி படி ஏறுகிறான், ஏனென்றால் நம்மைக் கூப்பிடும் கட்டடம் எதிலும் லிஃப்ட் ஓடாது. உன் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்று நீ போட்ட படத்தில் தொப்பி இல்லாமல் பனியில் நின்று சிரிக்கிறாய், ஆகவே உன் நலம் எனக்குத் தெரியும், தொப்பி போடு. போனில் சொல்லாமல் ஏன் இவ்வளவு நீளமாக மெயில் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடுவாள், ஸ்தாதிஸ் எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்காருவான், நான் இரண்டாவது வாக்கியம் முடிப்பதற்குள் பேச்சு ஆக்டபஸ் விலைக்குப் போய்விடும். மற்ற அப்பாக்கள் உன் வயதுப் பிள்ளைகளுக்கு அறுபது வருட அனுபவத்தை எழுதுவார்கள். நீ பிறந்தபோது எனக்குப் பத்தொன்பது, இன்னும் நாற்பதே ஆகவில்லை, என்னிடம் இருப்பது லிஃப்ட் டெக்னீஷியன் சான்றிதழும் பொறுமையின்மையும்தான். இருப்பதை வைத்து எழுதுகிறேன்.

விஷயம் கம்பெனிக்கு ஒரு கிரெடிட் கார்டு வாங்குவது. இத்தாலிக்காரன் கதவு மோட்டாரும் கன்ட்ரோல் போர்டும் கார்டில் பணம் வந்தால்தான் அனுப்புகிறான். இரண்டு வருடமாக ஸ்தாதிஸ் தன் சொந்தக் கார்டைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். நம் கணக்குப் பார்க்கும் அம்மா போன மாதம் பில் கட்டை அவன் முன்னால் போட்டுவிட்டு, "லிஃப்ட் மோட்டாரும் உன் பையன் ஃபுட்பால் ஷூவும் ஒரே பில்லுல வருதே, வரி ஆபீஸ்காரன் கேட்டா எந்த மாடில இறங்கச் சொல்றது?" என்றாள். சரி, கார்டு வாங்குவோம் என்று நான் உட்கார்ந்து ஐந்து வங்கியின் விவரத்தைத் திரட்டி அட்டவணை போட்டேன். வட்டி, வெளிநாட்டுக் கட்டணம், எத்தனை நாள் தவணை, ஜாமீன் கேட்கிறார்களா என்று பதினான்கு வரிசை. மூன்று இரவு வேலை. அதை அச்சடித்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். உன் அம்மா சூப்பர் மார்க்கெட் பாயின்ட் எதில் அதிகம் என்று மட்டும் கேட்டாள். ஸ்தாதிஸ் கேட்டது, "இதுல இரும்புல செஞ்ச கறுப்புக் கார்டு எது மச்சான்? மேசைல வெச்சா டக்குனு சத்தம் வரணும்." சிப்புரோச் சாராயக் கடையில் மேசை ஆடியபோது என் அட்டவணையை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் செருகினான். மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை. அந்த அட்டவணை இதுவரை செய்த ஒரே வேலை அதுதான்.

எந்த வங்கி என்பது நான் அட்டவணையைத் திறப்பதற்கு இருபது வருடம் முன்பே முடிவாகிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. உன் ஞானத்தகப்பன் லெஃப்தேரிஸ் எந்த வங்கியில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த வங்கி. வேறு இடத்துக்குப் போனால் குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவரை அவமானப்படுத்தியதாகும். அவருடைய வங்கி என் அட்டவணையில் ஐந்தாவது, அதாவது கடைசி. செவ்வாய்க்கிழமை மதியம் அவர் தாள்களை எடுத்துக்கொண்டு சிப்புரோக் கடைக்கே வந்துவிட்டார். ஸ்தாதிஸ் கணக்கில் ஒரு குப்பி, அவர் கணக்கில் ஒரு குப்பி, ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு தட்டு. அவர் தன் கையாலேயே இறாலை உரித்து என் தட்டில் வைத்தார். வைத்துக்கொண்டே, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, எண்ணெய் படாம போடு தம்பி" என்றார். நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்து, "நம்ம பொண்ணுக்குப் பேர் வெச்சவரு உரிச்சுப் போட்டுட்டு இருக்காரு, நீ அவர் எதிர்லயே வக்கீல் மாதிரி படிக்கிற" என்று முணுமுணுத்தாள். நான் படிப்பதை நிறுத்தினேன். நட்டு வாங்கினாலே பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்கிறவன், இருபத்து மூன்று பக்கத்தில் ஒன்றே கால் பக்கம் படித்துவிட்டு நான்கு கையெழுத்துப் போட்டேன். இறால் நன்றாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை ஒரு கட்டடத்தில் மேல் மோட்டார் அறைச் சாவிக்காக வேனில் காத்திருக்கும்போது என்னிடமிருந்த பிரதியை எடுத்துப் படித்தேன். பத்தொன்பதாம் பக்கம். கம்பெனி கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் முழுத்தொகைக்கும் பொறுப்பு. கம்பெனியை மூடினாலும் பொறுப்பு. பிறகு லிமிட்டை உயர்த்தினால் அவரிடம் மறுபடி கேட்க வேண்டியதில்லை, அதற்கும் அவரே பொறுப்பு. ஜாமீன்தாரர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. லெஃப்தேரிஸுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் முடிச்சாச்சு தம்பி, உங்க வீட்டு மேல ஏற்கெனவே கடன் இருக்கு, குழந்தை பேர்ல இருக்கிற ரெண்டாம் மாடி சுத்தமா இருக்கு, அவ பேரைப் போட்டு நேத்தே அனுப்பிட்டேன், நீ அலைய வேண்டாம்" என்றார். உன் முகவரி அவரிடம் எப்படி என்று நான் கேட்கவில்லை. வருடம் தவறாமல் டென்மார்க்குக்கே ஈஸ்டர் மெழுகுவர்த்தி அனுப்புகிறவர் அவர்.

அந்த இரண்டாம் மாடி உன் அம்மாவின் பெற்றோர் உனக்குப் பதினெட்டு முடிந்த அன்று எழுதிக் கொடுத்தது. அதன் வாடகையில்தான் நீ அங்கே அறை எடுத்துப் படிக்கிறாய். ஸ்தாதிஸ் மேசையில் டக்கென்று சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக அதை வைக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, இதை நன்றாகக் கவனி. எல்லாரும் உதவிதான் செய்தார்கள்.

வேலை உடையோடு நேராக வங்கிக்குப் போனேன். அவரை வாசலுக்குக் கூட்டிவந்து பத்தொன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். "இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்" என்றார். எங்கள் தொழிலில் கயிறு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவன், கயிறு அறுந்தால் ஜெயிலுக்குப் போவான், சம்பிரதாயக் கையெழுத்து என்று ஒன்று எங்களிடம் இல்லை என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவளுக்கு எண்ணெய் தடவி மூணு தடவை தண்ணில முக்கி எடுத்தவன்டா நான். அவளுக்குக் கெடுதல்னா நான் கையெழுத்துக் கேப்பேனா?" என்றார். அப்படியானால் ஜாமீன் இடத்தில் நீங்களே போடுங்கள் அண்ணே என்றேன். மரியாதையில்லாத பேச்சுதான், வாபஸ் வாங்க மாட்டேன். வங்கி ஊழியர் போடக்கூடாது என்றார். அப்போ அண்ணி போடட்டும் என்றேன். அவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு துறைமுகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார், "அவ போட மாட்டா. என் தம்பி பேக்கரிக்கு வேற பேங்க்ல நான் ஜாமீன் போட்டு ஆலிவ் தோட்டம் போச்சு. பதிமூணு வருஷமா என் வீட்டுல பேனாவே கெடையாது."

மகளே, நான் பத்தொன்பதாம் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சிகரெட் முடிந்ததும் அவரே மெல்லிய குரலில் சொன்னார். "நீங்க கேட்டு வந்தீங்க. நான் முடியாதுன்னா, ஞானத்தகப்பன் கதவைச் சாத்திட்டான்னு ஊர் பேசும். அனுப்பினதை நானே திருப்பிக் கேட்டாலும் அதேதான். நீ முரடன், உனக்கு அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கு. நீயே வேண்டாம்னு சொல்லிடேன்." யோசித்துப் பார். ஸ்தாதிஸால் முடியாது என்று சொல்ல முடியவில்லை, அம்மாவால் முடியவில்லை, வங்கியில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவராலும் முடியவில்லை. அம்மா நேற்று உனக்கு "போட்டுடு கண்ணு" என்று செய்தி அனுப்பியதையும், நீ பதிலுக்கு இதயம் போட்டதையும் காட்டினாள். உன்னாலும் முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் அந்தச் சொல் என் வாயில் மட்டும்தான் வருகிறது, அதுவும் செவ்வாய்க்கிழமை இறாலுக்கு முன்னால் வரவில்லை.

ஆகவே உறை வந்ததும் இப்படிச் செய். பிரித்துப் பார், பத்தொன்பதாம் பக்கத்தைப் படி, கையெழுத்துப் போடாமல் அப்படியே அலமாரியில் வை. ஞானத்தகப்பனுக்கு ஒரு வரி எழுது, நீங்கள் அனுப்பியது வந்தது, நன்றி, ஆனால் அப்பா விடவில்லை என்று. காரணம் எழுதாதே. வருத்தம் தெரிவிக்காதே. பழி முழுக்க என் மேல் வரட்டும். மற்றபடி பரீட்சைக்கு ஒழுங்காகப் படி, அந்த ஊர் மீன் ஊறுகாயைச் சாப்பாடு என்று நினைத்து வாழாதே, அம்மா கட்டி அனுப்பிய மலைத் தேநீரைக் காய்ச்சிக் குடி. கன்னிமாதா உன் கூட இருக்கட்டும். உன் வீடு உன் பேரிலேயே இருக்கட்டும். இன்று இரவு பத்து மணிக்குள் எனக்கு "போடமாட்டேன்" என்று ஒரே வார்த்தை அனுப்பு, இதயக் குறி செல்லாது.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று ஆறு மணிக்குள் என் நான்கு கையெழுத்தையும் திரும்பப் பெறுகிறேன் என்று வங்கிக்கு எழுத்தில் அனுப்புவேன், நகல் உனக்கு.

2. நாளை எட்டரை மணிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வங்கி. சாதாரண பிளாஸ்டிக் கார்டு, லிமிட் ஆயிரத்து ஐந்நூறு யூரோ, ஜாமீன் கிடையாது. எல்லாப் பக்கத்தையும் அவர்கள் எதிரிலேயே படிப்பேன். அங்கே நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

3. நாம் வேலை எடுத்திருக்கும் கிளினிக் லிஃப்டுக்கு வேண்டிய இரண்டு மோட்டாரை ஒன்றாக வாங்க அந்த லிமிட் போதாது. ஒன்று இந்த மாதம், ஒன்று அடுத்த மாதம் என்று கிளினிக்காரர்களிடம் நானே சொல்வேன், கத்துவார்கள்.

4. இரும்புக் கார்டு வரவில்லை என்பதை ஸ்தாதிஸிடம் சொல்வேன், சாப்பிட்ட பிறகு.

5. திங்கட்கிழமை லெஃப்தேரிஸின் பெயர்நாள், அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், கூப்பிடாமலே பாதி ஊர் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும். இனிப்புப் பெட்டியோடு போய், என் மகளைக் கையெழுத்துப் போட விடாதவன் நான்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன். அவர் என்னைத் திட்டுவார், அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். எவ்வளவு நேரம் திட்டினாலும் பதில் பேச மாட்டேன்.

உன் அப்பா,
பந்தேலிஸ்
வோலோஸ், கிரீஸ்