ஆறில் ஐந்து மாநிலங்கள்

லிங்கன், நெப்ராஸ்கா
பிப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளாரா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். குவைத்தில் உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே வாசல் பனியை நானே அள்ளிவிடுகிறேன்.

போனில் அம்மா மறைத்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். கடை இல்லாமல், வீடுவீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு முடி வெட்டக்கூடாது என்று முடிதிருத்துவோர் உரிம வாரியம் டிசம்பரில் அவளுக்குக் கடிதம் அனுப்பியது. அன்றிலிருந்து வேலை இல்லை. கத்திரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

உதவிக்கு வந்தது, சட்டமன்றத்துக்கு எதிரே செருப்புக்கடை மாடியில் இருக்கும் பிரெய்ரி கொள்கை மையம். ஆம், குவைத் போவதற்கு முன் உங்கள் ரயில்வே சங்கக் கூட்டத்தில் "முதலாளிங்களோட வாடகை வாய்" என்று நீங்கள் கிண்டல் செய்த அதே மையம்தான். அதன் இயக்குநர் லோர்னா வோசெக்கிடம் அதை அப்படியே கேட்டேன். அவர் சிரித்தார். "பணம் தர்றவங்க பட்டியல் அந்த அலமாரியில இருக்கு, எடுத்துப் படி. முதலாளிங்களும் இருக்காங்க. உங்கம்மாவுக்குத் தொழில் கேட்கிறதுல உங்கப்பாவுக்கு என்ன வருத்தமாம்?" என்றார். நான் பட்டியலை எடுத்துப் படித்தேன்.

மொத்தம் நான்கு பேர்தான் அங்கே. சட்டங்களை வரிவரியாகப் படித்து, பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுகிறார்கள். பள்ளி விட்டதும் நான் போய்த் தாள்களை அடுக்கிக் கொடுப்பேன். அம்மா போன்றவர்கள் வீடுகளுக்கே போய் முடி வெட்ட அனுமதிக்கும் மசோதா நேற்று சட்டமன்றக் குழுவில் விசாரணைக்கு வந்தது. அவர்களுடைய அறிக்கையின் முக்கிய வரி இது: நம்மைச் சுற்றியுள்ள ஆறு மாநிலங்களிலும் வீட்டில் முடி வெட்டத் தடை இல்லை.

திங்கள்கிழமை, வழக்கம்போல அடிக்குறிப்புகளைப் படித்தேன். மூன்றாவது மாநிலத்துக்குக் காட்டியிருந்த சட்டப் பதிப்பு பழையது. பள்ளி நூலகத்துக்கு ஓடிப்போய்ப் புதியதைப் பார்த்தேன். போன வருடம் அவர்களும் தடை போட்டுவிட்டார்கள். அப்பா, சொன்னால் அம்மாவின் மசோதாவுக்கே கேடு. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, மேலே போய்ச் சொன்னேன்.

லோர்னா அறிக்கையின் மாநில அட்டவணையை எடுத்து மூன்றாவது வரியைச் சரிபார்த்தார். அதைத் தயாரித்த வெஸ்லி, "எல்லாம் அச்சாயிடுச்சே. ஒரு வரிதானே, யார் பார்க்கப்போறா?" என்றார். "இவ பார்த்துட்டாளே" என்றார் லோர்னா. மூவரும் உட்கார்ந்து எல்லாப் பிரதிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம்.

விசாரணையில் ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு, பிறகு மஞ்சள், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். லோர்னா தன்னுடைய முதல் நிமிடத்தைத் தவறைச் சொல்லவே செலவழித்தார். ஆறு அல்ல, ஐந்து என்றார். மசோதாவை எதிர்க்கும் செனட்டர் ஹ்ரூபி விடவில்லை. "இன்னும் எத்தனை தப்பு ஒளிஞ்சிருக்கு, மேடம்?"

"பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு கண்டுபிடிச்சா, செனட்டர். நீங்களும் ஒண்ணு கண்டுபிடிங்க, ஒரு டஜன் கொலாச்சி பன் வாங்கித் தர்றேன்."

ஹ்ரூபியே சிரித்துவிட்டார். ஆனால் 'ஐந்து' என்று தன் தாளில் எழுதி வட்டமிட்டதையும் பார்த்தேன்.

அடுத்து அம்மா. என்ன பேசுவது என்று மையத்தில் யாரும் எழுதித் தரவில்லை. "புள்ளிவிவரம் எங்க பாடு, உங்க கதை உங்க பாடு" என்று சொல்லிவிட்டார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் திரு. கோலாரின் முடி காதை மூடிவிட்டதையும், அவர் தினமும் போன் செய்து "இன்னைக்காவது வருவியாம்மா?" என்று கேட்பதையும் சொன்னாள். மஞ்சள் விளக்கு எரிவதற்குள் முடித்துவிட்டாள். ஹ்ரூபி அவளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

குழு அடுத்த வாரம் வாக்களிக்கும். மசோதா தோற்றால், அதில் என் பங்கும் உண்டு. அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் என் தலையைக் கோதி, "நுனியெல்லாம் பிளந்திருக்கு, உட்காரு" என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு கத்திரிக்கோல் சுற்றிய அந்தத் துணியைப் பிரித்தாள்.

அப்பா, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மையத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். அம்மாவிடம், நன்றாகப் பேசினாயாமே என்று மட்டும் கேளுங்கள். ஊருக்கு வரும்வரை அங்கே யாரிடமும் முடி வெட்டிக்கொள்ளவும் வேண்டாம். வீட்டு ஆட்களுக்கு அம்மா வெட்டத் தடை இல்லை. லோர்னாவிடம் கேட்டேன், சட்டத்தின் புதிய பதிப்பிலும் பார்த்துவிட்டேன்.

உங்கள் அன்பு மகள்,
கிளாரா ஸ்வேலா